சஸ்பென்ஸ் கணக்கு

செய்ய வேண்டிய காரியங்களை ஜாபிதாவாக எழுதி வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புலப்பட்டுவிடும். ஜாபிதா குறைவதில்லை. வாரத்தில் 5 இனங்கள் பைசலாகி 6 இனங்கள் புதிதாகச் சேர்ந்தால் வருஷக் கடைசியில் 52 நிலுவை. இதற்கு ஒருவன் சோம்பேறியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுறுசுறுப்பான ஆசாமிக்கும் இதே கணக்குத்தான். சொல்லப்போனால் சுறுசுறுப்பான ஆசாமியிடம்தான் எல்லோரும் வேலை சொல்கிறார்கள்.

எட்டு வருஷங்களில் நான் இப்படி நான்கு நோட்டுகளை எழுதித் தீர்த்திருக்கிறேன். அவற்றில் மூன்று வகையான இனங்கள் இருக்கின்றன. வீட்டுக் காரியங்கள்: மின்கட்டணம், அம்மாவின் கண் பரிசோதனை, ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டி. ஆபீஸ் காரியங்கள்: லீவு விண்ணப்பம், யாரோ ஒருவருக்கு நாமினேஷன் மாற்றித் தருவதாகச் சொன்னது. மூன்றாவது, இலக்கியக் காரியங்கள்: ஒரு தொகுதிக்கு மதிப்புரை, ஒரு நண்பரின் கதைகளுக்கு அபிப்பிராயம், எழுதப்பட வேண்டிய கட்டுரைகள். ஒரு நோட்டு முடிந்து அடுத்ததுக்குப் போகும்போது நிலுவையைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வகைகளும் பெரும்பாலும் அந்தந்த நோட்டிலேயே அடித்துக் கழிக்கப்பட்டு விடுகின்றன. நோட்டு விட்டு நோட்டு யாத்திரை போவது மூன்றாவது வகைதான். முதல் நோட்டில் பத்தொன்பதாவது இனமாக இருந்த ஒரு புத்தகத் திட்டம் நான்காவது நோட்டில் முதல் இனமாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. அதற்காக அது செய்த ஊழியம், பைசலாகாமல் இருந்தது ஒன்றுதான்.

இப்போது பலரும் ஜாபிதாவைக் கைபேசியில் வைத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. நோட்டுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. பார்த்து எழுதும்போது கை வலிக்கும். வலிக்கிற கை ‘இது தேவையா’ என்று ஒரு தடவையாவது கேட்கும். கைபேசி கேட்காது.

தள்ளிப்போடுதலைச் சோம்பலின் இன்னொரு பெயராக நினைப்பது பொதுவான வழக்கம். குறளின் மடியின்மை அதிகாரம் அப்படி நினைக்கவில்லை. 605ஆம் குறள் காலம் நீட்டிப்பதையும் மறதியையும் சோம்பலையும் தூக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் கலம் என்று நான்கையும் ஒருசேரச் சொல்கிறது. நான்கும் போய்ச் சேர்கிற இடம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் நான்கும் ஒன்றல்ல. இந்தப் பிரிவினை எனக்கு முக்கியமாகப் படுகிறது. மதிப்புரை எழுதாமல் ஒருவன் அன்றைக்கெல்லாம் தூங்கவில்லை. ஓய்வு ஒழிச்சலில்லாமல் உழைக்கிறான். மதிப்புரை மட்டும் எழுதவில்லை. சோம்பலுக்கு எதிராகச் சொல்லப்படுகிற உபதேசங்கள் எதுவும் இவனைத் தொடுவதில்லை. விடியற்காலையில் எழுந்திரு என்றால் எழுந்து புத்தக அலமாரியை அடுக்குவான்.

பாங்கில் இந்தப் பிரச்னை எப்படிக் கையாளப்படுகிறது என்று பார்த்ததில் எனக்குச் சில விஷயங்கள் தெளிவாயின. கவுண்டரில் தள்ளிப்போடுதல் சாத்தியமில்லை. டோக்கனோடு ஒருவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். அவருக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும், அல்லது ஏன் கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. அவருடைய செக்கைப் பற்றி ஆழமாக யோசித்துவிட்டு இரண்டாவது சனிக்கிழமை விடுமுறையில் விரிவாகக் கவனிக்கிறேன் என்று நான் சொன்னால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ரொக்கக் கையிருப்பு கணக்கோடு டாலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் ஆகிறவரை உட்கார வேண்டியதுதான். எண்ணூறு ரூபாய்க்காக எட்டு மணி வரை உட்கார்ந்த நாட்கள் எல்லாக் காஷியர்களுக்கும் உண்டு.

ஆனால் அன்றைக்கே தீர்க்க முடியாத இனங்களும் வரத்தான் செய்கின்றன. பணம் வந்திருக்கிறது, யார் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. பணம் போயிருக்கிறது, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. இவற்றுக்காகப் பேரேட்டில் ஒரு இடம் இருக்கிறது. சஸ்பென்ஸ் அக்கவுண்ட். பெயருக்கேற்றபடி அந்தரத்தில் தொங்குகிற கணக்கு. இனத்தை அதில் எழுதிவிட்டால் அன்றையப் புத்தகம் டாலி ஆகிவிடும். எதுவும் தீர்ந்திருக்காது. ஆனால் பற்றும் வரவும் சமமாகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இந்தக் கணக்கின் ஆபத்து பாங்குக்குத் தெரியும். அதனால் அதற்கென்று தனியான கண்காணிப்பு உண்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் முதலில் கேட்கிற விஷயங்களில் ஒன்று, சஸ்பென்ஸில் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதுதான். தொகை பெரிதா சிறிதா என்பதைவிட வயதுதான் கேள்வி. பழையது பெருத்துக் கிடக்கும் கிளையில் ஏதோ சரியில்லை என்பது எழுதப்படாத விதி.

நம் ஜாபிதா ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். இதுதான் நான் சொல்ல வந்தது. ‘இன்னாருடைய தொகுதி பற்றிக் கட்டுரை’ என்று எழுதியவுடன் மனசு டாலி ஆகிவிடுகிறது. ஒரு கவிதைத் தொகுதியைப் படித்து ஏற்பட்ட சஞ்சலம், எழுதியே தீர வேண்டும் என்கிற அரிப்பு, நோட்டில் ஒரு வரியாக வரவு வைக்கப்பட்டு அடங்கிவிடுகிறது. வித்தியாசம் ஒன்றுதான். என் நோட்டுக்கு இன்ஸ்பெக்டர் கிடையாது.

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. 1920களில் பெர்லினில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை செய்தார். சிலருக்கு வரிசையாகச் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, அவற்றில் பாதியை முடிக்க விடாமல் இடையில் நிறுத்திவிட்டார். பிறகு கேட்டபோது, முடித்த வேலைகளைவிட முடிக்காதவையே அவர்களுக்கு அதிகம் நினைவில் இருந்தன. முடியாத காரியம் மனசில் ஒரு இழுவிசையாக நிற்கிறது என்பது அவர் கண்டது. பிற்காலத்தில் இதே சோதனையைச் செய்தவர்கள் எல்லோருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதை வேறொரு பக்கமிருந்து அணுகினார்கள். முடியாத காரியம் வேறு வேலைகளில் குறுக்கிடத்தான் செய்தது. ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டம் வகுத்துக்கொண்டவர்களிடம் அந்தக் குறுக்கீடு நின்றுவிட்டது. காரியம் நடக்கவில்லை, திட்டம் மட்டுமே போதுமானதாயிருந்தது.

அவர்கள் இதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொல்கிறார்கள். மின்கட்டணத்தைப் பொறுத்தவரை நல்ல செய்திதான். 15ஆம் தேதி கட்டுவது என்று எழுதிவிட்டால் பதினான்கு நாள் அதை மறந்திருக்கலாம். மறதிக்காகத்தான் அந்த ஜாபிதா. ஆனால் ஒரு கவிதை பற்றிய கட்டுரைக்கு மறதிதான் சாவு. பஸ்ஸில் போகும்போதும் குளிக்கும்போதும் அது குறுக்கிட வேண்டும். காஷ் எண்ணும்போது மட்டும் வராமலிருந்தால் சரி. அது தொந்தரவு செய்கிற வரையில்தான் எழுதப்படுவதற்கான வாய்ப்பு இருக்கிறது. அந்தத் தொந்தரவைப் போக்கிக்கொள்ள நாம் கண்டுபிடித்த சாதனமாக ஜாபிதா வேலை செய்கிறது. மறந்துவிடக் கூடாதே என்று எழுதுகிறோம், எழுதியதனால் மறக்கிறோம்.

ஆகவே, தண்ணீர்த் தொட்டியும் கவிதைத் தொகுதியும் ஒரே பக்கத்தில் இருப்பதுதான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. வினைசெயல்வகை அதிகாரத்தின் 672ஆம் குறள் காலம் தாழ்த்திச் செய்ய வேண்டியவை என்று ஒரு வகையையும், தாழ்த்தாமல் செய்ய வேண்டியவை என்று இன்னொரு வகையையும் பிரிக்கிறது. தாமதமே தப்பு என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

இங்கே இலக்கியவாதிகள் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. படைப்பு தானாகப் பழுக்க வேண்டும். தேதி வைத்து எழுதுவது பத்திரிகைக்காரன் வேலை. வாராவாரம் தொடர்கதை எழுதித் தள்ளுகிறவர்களைப் பார்த்து ஏற்பட்ட வெறுப்பில் சிறு பத்திரிகைக்காரர்கள் நாம் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கிக்கொண்டோம். குறைவாக எழுதுவது தீவிரத்தின் அடையாளம் ஆயிற்று. மௌனியின் கதைகள் மொத்தமே இரண்டு டஜன்தான் என்பது நமக்கு எப்போதும் கைவசம் உள்ள சாட்சி. ஆனால் மௌனி ஜாபிதா வைத்திருந்து அதில் 24ஐ மட்டும் பைசல் செய்தவர் அல்ல. குறைவாக எழுதுவது வேறு, நிறைய எழுதப்போவதாக இருந்துகொண்டே இருப்பது வேறு. பழம் மரத்திலிருந்தால்தான் பழுக்கும். நோட்டிலிருந்தால் பழுக்காது.

சாமுவெல் ஜான்சன் விஷயத்தைப் பார்க்கலாம். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு அவர் அகராதிக்காரராகவும், பாஸ்வெல்லின் கதாநாயகராகவும் மட்டுமே அறிமுகமாகிறார். தள்ளிப்போடுவதில் அவருக்கு நிகரானவர்கள் இலக்கியத்தில் அதிகம் பேரில்லை. 1750 மார்ச் 20 முதல் 1752 மார்ச் 14 வரை ‘ராம்ப்ளர்’ என்ற பத்திரிகையை வாரம் இரண்டு தடவையாக 208 இதழ்கள் நடத்தினார். நாலைந்து இதழ்களைத் தவிர எல்லாக் கட்டுரைகளும் அவருடையவை. 134ஆம் இதழின் கட்டுரை தள்ளிப்போடுதல் பற்றியது. ஓவியர் ரெனால்ட்ஸின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அச்சுக்கூடத்துப் பையன் வாங்கிப்போகக் காத்து நிற்க, அவசர அவசரமாக அதை அவர் எழுதிக் கொடுத்தார் என்று பியோஸி அம்மையார் குறித்து வைத்திருக்கிறார். நாளைக்கு என்று தள்ளுவதன் தீங்கு பற்றி, தள்ளிக்கொண்டே வந்து கடைசி நிமிஷத்தில் எழுதிய கட்டுரை. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகியும் படிக்கிற மாதிரி இருக்கிறது.

அதே ஜான்சன் 1756இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிக்கப்போவதாக அறிவித்துச் சந்தா வாங்கினார். 1757 கிறிஸ்துமஸுக்குள் தருவதாகச் சொன்னார். வந்தது 1765 அக்டோபரில். இடையில் 1762இல் சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர், பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் தரவில்லை என்று பகிரங்கமாகப் பரிகாசம் செய்து எழுதினார். அந்த ஒன்பது வருஷங்களும் பழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் என்று வாதிக்க இடமிருக்கிறது. அந்தப் பதிப்பின் முன்னுரை ஆங்கில விமர்சனத்தின் சிகரங்களில் ஒன்று. ஆனால் அதே காலத்தில்தான் அவர் ‘ஐட்லர்’ கட்டுரைகளை வாராவாரம் எழுதிக் கொடுத்தார். 1759இல் தாயாரின் மரணத்தையொட்டிப் பணத்துக்காக ‘ராஸலஸ்’ நாவலை ஒரு வார மாலைப்பொழுதுகளில் எழுதி முடித்தார். மனிதர் ஒருவரே. திறமையும் சுபாவமும் அதேதான். வாசலில் பையன் நின்றால் ஒரு மணி நேரம். யாரும் நிற்காவிட்டால் ஒன்பது வருஷம்.

இன்னொருவர் எங்கள் தொழில்காரர். டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் லாய்ட்ஸ் பாங்கில் வேலை பார்த்தார். பாங்கு வேலையும் விமர்சனமும் ஒத்துப்போகாது என்று சொல்ல நினைக்கும் பாங்கு ஊழியர்களுக்கு இது ஒரு சங்கடமான தகவல். ‘மரபும் தனிமனிதத் திறனும்’ கட்டுரை 1919இல் ‘ஈகோயிஸ்ட்’ என்ற சிறு பத்திரிகையில் வந்தது. அப்போது அவர் பகலில் அந்நிய நாட்டுக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட முக்கியமானது, அவர் பெயரோடு சேர்த்து நாம் சொல்கிற கருத்துகள் எந்த உருவத்தில் வந்தன என்பது. உணர்ச்சிக்குப் புறவயமான இணைப்பொருள் வேண்டும் என்று ஹாம்லெட் பற்றிச் சொன்னது, 1919இல் ராபர்ட்ஸன் என்பவரின் புத்தகத்துக்கு எழுதிய மதிப்புரையில். பதினேழாம் நூற்றாண்டில் உணர்வும் சிந்தனையும் பிரிந்துபோயின என்று சொன்னது, 1921இல் கிரியர்ஸனின் கவிதைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில். சில பக்கங்கள், குறிப்பிட்ட தேதி, காத்திருக்கிற ஓர் ஆசிரியர். இவ்வளவுதான் சாதனங்கள்.

பாங்கை விட்ட மறு வருஷம், 1926இல், மெடபிஸிகல் கவிதை பற்றிக் கேம்பிரிட்ஜில் எட்டு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றை விரிவாக்கி டன் கவி மரபு பற்றி ஒரு பெரிய புத்தகமாகவும், அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு புத்தகங்களாகவும் எழுதுவது அவர் திட்டம். எழுதவில்லை. சொற்பொழிவுகள் 1993இல்தான் அச்சில் வந்தன. அவர் இறந்து 28 வருஷம் கழித்து. எனக்கு இதில் வருத்தப்பட எதுவுமிருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் புத்தகம் செய்திருக்கக்கூடிய காரியத்தை அந்தச் சின்ன மதிப்புரை ஏற்கனவே செய்து முடித்துவிட்டது. பெரிய புத்தகம் வரவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டுமே நஷ்டம்.

கோல்ரிட்ஜின் போர்லாக் ஆசாமியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘குப்ளா கான்’ முடியாமல் போனதற்கு, போர்லாக்கிலிருந்து காரியமாக வந்த ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டதுதான் காரணம் என்று 1816இல் அதை வெளியிட்டபோது அவர் முன்குறிப்பு எழுதினார். எழுத்தாளர்கள் இந்த ஆசாமிக்கு ரொம்பவும் கடமைப்பட்டிருக்கிறோம். நமக்கு ஆபீஸ் போர்லாக், குடும்பம் போர்லாக், கல்யாணம் கருமாதி எல்லாம் போர்லாக். என் கவுண்டருக்கு ஒரு நாளில் நூறு பேர் வருகிறார்கள், நூறு பேரும் போர்லாக்கிலிருந்துதான். ஆனால் ஜான்சனுடைய பையனும் ஒரு போர்லாக் ஆசாமிதானே? அவன் வந்ததனால் கட்டுரை நிற்கவில்லை, நடந்தது. வந்த ஆசாமி நம்மிடம் எதைக் கேட்டு வருகிறான் என்பதில் இருக்கிறது விஷயம்.

எங்கள் கிளைக்கு மாதம் பிறந்ததும் பென்ஷன் எடுக்க வருகிறவர்களில் ஒரு கவிஞர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எழுபதுக்கு மேல் வயது. நாற்பது வருஷமாக எழுதுகிறார், இரண்டு தொகுதிகள். இரண்டாவது தொகுதி முந்நூறு பிரதி போட்டு, பாதி அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. யாரோ ஒரு விமர்சகர் விரிவாக எழுதுவதாகச் சொல்லி ஒரு பிரதி வாங்கிப்போய் இரண்டு வருஷமாகிறதாம். போன சித்திரையில் கூட்டம் குறைந்த நேரத்தில், பாஸ்புத்தகத்தோடு தொகுதியையும் உள்ளே தள்ளினார்.

“தம்பி, நீங்க எழுதுறதா இருந்தா எழுதுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க. நல்லா இல்லேன்னு எழுதினாக்கூடப் பரவாயில்ல. எழுதுறேன்னு சொல்லிட்டுப் போறாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல.”

“அடுத்த மாசம் நீங்க பென்ஷனுக்கு வர்றப்ப தர்றேன் சார்” என்றேன்.

“ஒண்ணாந்தேதிக்கா, ரெண்டாந்தேதிக்கா?” என்று கேட்டார். வாத்தியார் அல்லவா.

இந்தத் தொகுதியை நான் நோட்டில் எழுதவில்லை. கவுண்டர் டிராயரில், சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் பத்து மணிக்கும் சாயங்காலமும் அது கண்ணில் படும். சாப்பாட்டு வேளையில் ஒரு கவிதை படிப்பேன். 1ஆம் தேதி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு, மூன்றாவது பக்கத்தில் தாம் ஒப்புக்கொள்ளாத ஒரு வாக்கியத்தை நகத்தால் கீறிக் காட்டினார். பிறகு டோக்கன் நம்பரைக் கேட்டு உட்காரப் போனார்.

அந்த நான்கு பக்கங்களில் நடந்தது எனக்கு முக்கியம். நோட்டு விட்டு நோட்டு வந்துகொண்டிருந்த என் புத்தகத் திட்டம் புதுக்கவிதையின் வாக்கிய அமைப்பு பற்றியது. அதில் மூன்றாவது அத்தியாயம் வினைமுற்றுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. யாப்பு போனபின், வரியை எங்கே முறிப்பது என்ற கேள்விக்குப் புதுக்கவிஞர்கள் பலர் கண்டுபிடித்த சுலபமான விடை, வினைமுற்றைத் தனி வரியாக நிறுத்துவது. விழுந்தது, போயிற்று, இல்லை என்று கடைசி வரியில் ஒற்றைச் சொல் நிற்கும், கனமாகத் தோன்றும். ஐம்பது தடவை பார்த்தபின் அது ஒரு அப்பியாசம் என்று தெரியும். வாத்தியாருடைய கவிதைகளில் இது இல்லை. அவர் எச்சத்தில் நிறுத்துகிறார், அல்லது பெயரில் நிறுத்துகிறார். வினை வராமலே போய்விடுகிறது, வாசகன் அதற்காகக் காத்திருக்கிறான். இதை அவர் கவிதைகளை வைத்து இரண்டு பாராவில் சொன்னேன். எழுதி முடித்தபின் பார்த்தால் மூன்றாவது அத்தியாயத்தில் மிச்சமிருந்தது உதாரணங்கள் மட்டும்தான். அறுபது பக்கம் என்று நான் மனசில் வைத்திருந்த அத்தியாயம், இரண்டு பாராவில் தீர்ந்துவிட்டது.

இதில் ஒரு வலி இல்லை என்று சொல்ல முடியாது. எழுதப்படாத புத்தகம் எழுதப்பட்ட எதையும்விட அழகானது. அதற்கு அச்சுப்பிழை கிடையாது, பலவீனமான நடு அத்தியாயம் கிடையாது, அதை யாரும் நகத்தால் கீற முடியாது. அதை வைத்திருப்பவன் தன்னைப் பற்றி வைத்திருக்கிற அபிப்பிராயத்துக்கு அதுவே ஈடு. ஒத்திப்போடும்போது நாம் வேலையை மட்டும் ஒத்திப்போடவில்லை. நம் அளவு இவ்வளவுதான் என்று தெரிந்துகொள்வதை ஒத்திப்போடுகிறோம். ஜாபிதாவில் முதல் இனமாக எட்டு வருஷம் ஒன்று நிற்பதற்கு இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது.

கவிஞன் தள்ளிப்போட்டால் நஷ்டம் அவனுக்கு. விமர்சகன் தள்ளிப்போடுவது அடுத்தவன் பணம். நம் சூழலில் முந்நூறு பிரதி அச்சாகிற தொகுதிக்கு ஒரு வருஷத்துக்குள் இரண்டு பேர் எழுதாவிட்டால் அது வராத தொகுதிதான். வியாபாரப் பத்திரிகைகள் அதைத் தொடப்போவதில்லை. எழுதுவதாகச் சொன்ன ஐந்து பேருக்காகக் காத்திருந்து, ஆறாவது ஆளிடம் கேட்கக் கூச்சப்பட்டு, மூன்றாவது தொகுதியே போடாமல் நின்றுபோனவர்களை இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

செக்குக்குச் செல்லுபடியாகும் காலம் முன்பு ஆறு மாதமாக இருந்தது. ரிசர்வ் பாங்கு 2012 ஏப்ரல் 1 முதல் அதை மூன்று மாதமாகக் குறைத்தது. அதற்குமேல் போனால் செக்கு காலாவதி. கணக்கில் பணம் இருந்தாலும் செல்லாது. என்னுடைய வாக்குக்கும் இதே காலம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதத்துக்குள் முடியாது என்று தெரிந்தால், புத்தகத்தைத் திருப்பி அனுப்பி, எழுத இயலாது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எழுதிவிடுகிறேன். மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். கவுண்டரில் ‘இல்லை’ என்று கேட்டுவிட்டுப் போகிறவனுக்கு அடுத்த பாங்குக்குப் போக நேரம் மிஞ்சுகிறது. ஜாபிதாவைச் சுருக்க எனக்குத் தெரிந்த வழி வேகமாக வேலை செய்வதல்ல, இந்த ‘இல்லை’தான்.

பெரிய காரியங்களையே கைவிட்டுவிட வேண்டும் என்கிறாயா என்று ஒரு நண்பர் கேட்டார். சி. சு. செல்லப்பாவை நினைவுபடுத்தினார். ‘சுதந்திர தாகம்’ மூன்று பாகமாக 1997இல் வந்தபோது அவருக்கு 85 வயது. அடுத்த வருஷம் இறந்துபோனார். சாகித்ய அகாதெமி 2001இல் பரிசு கொடுத்தது. நல்ல கேள்விதான். ஆனால் அதே செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ ஆரம்பித்து 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தவர். இதழ் இதழாகப் பிறத்தியாருடைய கவிதைகளைப் பிரசுரித்து, அவற்றைப் பற்றி எழுதி, எழுத வைத்து, பிரதிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். பெரிய நாவல் இருக்கிறதே என்று அவர் சின்ன மதிப்புரையை நிறுத்தி வைக்கவில்லை. பெரிய காரியம் சின்னக் காரியங்களுக்குச் சாக்காக ஆகாத வரையில் அது பெரிய காரியம். சாக்கான பின் அது சஸ்பென்ஸ் இனம்.

என் புத்தகத் திட்டத்தைப் போன மாதம் அடித்துவிட்டேன். பாங்கு பாஷையில் இதற்கு ரைட் ஆஃப் என்று பெயர். நம் தினசரிகள் இதையும் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. கடனையே விட்டுக்கொடுப்பதற்கும் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. அதனால் கவுண்டரில் வரும் சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டும் வேறு. ரைட் ஆஃப் என்றால் வராத கடனை வரும் என்று ஐந்தொகையில் காட்டிக்கொண்டிருப்பதை நிறுத்துகிறோம், அவ்வளவுதான். வசூல் நிற்பதில்லை. வந்தது லாபம்.

வினைமுற்று வசூலாகிவிட்டது. இடப்பெயர்கள் பற்றிய இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பகுதி, ஆடி மாதம் தருவதாகச் சொல்லியிருக்கும் ஒரு மதிப்புரையில் வரக்கூடும். புதுக்கவிதையின் வாக்கிய அமைப்பு பற்றிப் பெரிய புத்தகத்தை வேறு யாராவது எழுதட்டும். அதற்கு நான்கு பக்கத்தில் மதிப்புரை எழுத நான் தயார். தேதி மட்டும் சொல்லிவிட வேண்டும்.